போடு மாப்ளே, இன்னும் போடு

போர் 1,200 அடி போயும் வெறும் புகைதான் வருதுன்னு உன்ற அம்மா காலையில வந்து மூக்கைச் சிந்திட்டுப் போனா. நான் தைரியம் சொல்லித்தான் அனுப்பிச்சேன். "அழுகாதே அம்மிணி, பையன் நேர் வழியிலதான் போயிட்டிருக்கான், இன்னும் ரெண்டு கோடி அடிதான் பாக்கி"ன்னேன். அவளுக்குக் கோவம் வந்து, போட்டு வெச்ச காப்பியைக்கூடத் தொடாம எந்திரிச்சுட்டா. நல்லது சொன்னா நம்ம வீட்டுல யாருக்குப் புடிச்சிருக்குது?

நீ படிச்சவன், நீயாவது கேளு. இங்கிருந்து பூமியோட நடு மையம் 6,371 கிலோமீட்டர். நம்ம அடிக்கணக்குல 2 கோடியே 9 லட்சம். அடிக்கு நூறு ரூபாய்ன்னு வெச்சாலும் 209 கோடியில சோலி முடிஞ்சிரும். ஆழம் போகப்போக ரேட்டு ஏறும்னு வண்டிக்காரன் இழுப்பான், அதை எங்கிட்ட விட்டுரு. திருச்செங்கோட்டு வண்டியோட ராஜஸ்தான் வரைக்கும் போயி போர் போட்டவன் நான். இந்தக் கெழவன் மூஞ்சிக்காக அஞ்சு பைசா குறைக்க மாட்டானா? என்ற பேத்தி சேலத்துல நிலவியல் படிக்கறா. ராத்திரி அவ சத்தம் போட்டுப் படிக்கறதைத் திண்ணையில படுத்துட்டே கேட்டு, கீழ எந்த எடத்துல என்ன வரும்னு எனக்கு இப்ப அத்துபடி. போற வழியைச் சொல்றேன், குறிச்சுக்க.

மொதல்ல, உன்ற பிட்டுல இருந்த பொத்தானையெல்லாம் மழுங்கடிச்ச அந்தக் கரும்பாறை. நேத்துப் பொழுதுசாய உன்ற காட்டுப் பக்கம் வந்தேன். போரைச் சுத்திக் குமிஞ்சு கெடந்த பொடியை ஒரு கை அள்ளித் தேய்ச்சுப் பாத்தேன். சாம்பல் நெறத்துல மாவு, நடுநடுவே நீலம் பாஞ்ச படிகச் சில்லு. சார்னோக்கைட். கல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு கும்பெனிக்காரன் சமாதி இருக்குது. 1893-ல தாமஸ் ஹாலண்டுன்னு ஒரு நிலவியல்காரரு அந்தச் சமாதிக் கல்லை ஆராய்ஞ்சு, இது மெட்ராசுக்குப் பக்கத்துப் பல்லாவரம் மலைக்கல்லுதான்னு சொல்லி, செத்தவன் பேரையே கல்லுக்கு வெச்சுட்டாரு. சேர்வராயன் மலை, கொல்லிமலை, நீலகிரி அத்தனையும் பெரும்பாலும் இந்தச் சாதிதான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்குது. இந்தக் கல்லு பொறந்தது இங்க இல்லை. 20, 30 கிலோமீட்டர் ஆழத்துல, 700 டிகிரிக்கு மேல சூட்டுல, ஏறக்குறைய 250 கோடி வருசத்துக்கு முந்தி. மேல இருந்த பாரத்தையெல்லாம் மழையும் காத்தும் அரிச்சு எடுத்துட்டுப் போக, அடியில கெடந்தது கொஞ்சங் கொஞ்சமா எழும்பி மலையா நிக்குது. எந்த ஆழத்தைத் தேடி நீ நகையை அடகு வெச்சயோ, அந்த ஆழம் ஒத்தப் பைசா வாங்காம தானா மேல வந்து, நீ அதும்மேல மாட்டுக் கொட்டாய் போட்டிருக்கே. அத்தனை அமுக்கத்துல இறுகின கல்லுக்குள்ள தண்ணிக்கு எங்க எடம்? விரிசல் இருந்தா உண்டு. விரிசலும் பெரும்பாலும் மேல்பக்கம்தான். கீழ போகப்போகப் பாரம் அமுக்கி வாயை மூடிக்கும். இதை 300 அடியிலயே சொல்லியிருக்கலாமேன்னு கேக்காதே. அன்னைக்கு நீ கேக்கற நெலமையில இல்லை, வண்டிக்காரனுக்குப் பிரியாணி வாங்கப் போயிருந்தே.

சரி, 10,000 அடிக்கு என்ன வரும்னு நம்ம சனத்துக்கே தெரியும். கோலார் தங்கவயல்ல சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம். வடார்க்காடு, சேலம் பக்கத்துல இருந்து போனவங்கதான் தலைமுறை தலைமுறையா அதுல எறங்குனது. அடிமட்டத்துப் பாறை 60 டிகிரிக்கு மேல கொதிக்கும். அமுக்கம் தாங்காம சுவத்துப்பாறை தெறிச்சு ஆளைக் கொல்லும். குளிரவெச்ச காத்தை உள்ள விட்டுத்தான் வேலை நடந்துது. 2001-ல மூடிட்டாங்க. அங்க தங்கமாவது கெடைச்சுது. நீ தண்ணிக்குப் போறப்ப நடுவுல தங்கம் வந்தா, "எனக்கு ஒன்னரை இஞ்சு தண்ணிதான் வேணும்"னு பிடிவாதம் புடிச்சுராதே.

அதுக்கும் கீழன்னா ரஷ்யாக்காரன்கிட்டத்தான் கேக்கோணும். நார்வே எல்லையோரம் கோலான்னு ஒரு தீபகற்பம். 1970 மே 24-ந் தேதி அங்க ஒரு போர் ஆரம்பிச்சாங்க. எண்ணெய்க்கு இல்லை, தண்ணிக்கு இல்லை. கீழ என்னதான் இருக்குதுன்னு பாக்கறதுக்கு. 15 கிலோமீட்டர் போறதுன்னு திட்டம். அந்த நீளத்துக்குக் குழாய் மொத்தத்தையும் சுத்துனா முறுக்கிக்கும்னு, சேத்துத் தண்ணியை வேகமா உள்ள அனுப்பி அடியில இருக்கற பிட்டு மட்டும் சுத்தற மாதிரி செஞ்சிருந்தாங்க. பிட்டு தேஞ்சுபோச்சுன்னா? பத்துக் கிலோமீட்டர் குழாயையும் ஒண்ணொண்ணாக் கழட்டி மேல எடுத்து, புது பிட்டை மாட்டி, மறுபடியும் ஒண்ணொண்ணா எறக்கோணும். உன்ற வண்டிக்காரன் ஒரு ராடு மாத்தறதுக்குள்ள மூணு பீடி குடிக்கறானே, அவனை அங்க நிறுத்திப் பாக்கோணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

1983-ல 12 கிலோமீட்டரைத் தொட்டுட்டாங்க. தொட்ட சந்தோசத்துல வேலையை நிறுத்திட்டு, வந்த ஒறம்பரைக்கெல்லாம் சுத்திக் காட்டுனாங்க. மறு வருசம் செப்டம்பர்ல திரும்ப ஓட்டுனா, 5 கிலோமீட்டர் குழாய் உள்ளயே அறுந்து விழுந்துருச்சு. ஒரு ஹேமர் உள்ள சிக்கிக்கிச்சுன்னு நீ சோறு திங்காமக் குப்புறக் கெடந்தயே, அவங்க மொகத்தைக் கழுவிட்டு 7 கிலோமீட்டர்ல இருந்து பக்கவாட்டுல புதுசாப் போட்டாங்க. 1989-ல 12,262 மீட்டர். அங்க 100 டிகிரி சூடு இருக்கும்னு கணக்கு போட்டிருந்தாங்க, இருந்தது 180. பாறை சூடு தாளாம இளகி, போட்ட ஓட்டை தானா மூடிக்க ஆரம்பிச்சுது. 1992-ல போதுண்டா சாமின்னு நிறுத்திட்டாங்க. இப்ப அங்க இடிஞ்ச கட்டடமும், 23 செ.மீ. வாய்க்கு மேல துருவேறின ஒரு இரும்பு மூடியும்தான் மிச்சம்.

மூடியாவது போட்டாங்களே. நம்மூர்ல தண்ணி வராத போருக்கு மேல ஒரு சாக்கைச் சுத்தி வெச்சுட்டு அடுத்த எடத்துக்குப் போயிடறானுங்க. கொழந்தை உள்ள விழுந்து, டி.வி.க்காரன் வந்து, ஊரே நின்னு அழுத பொறவுதான் மூடி ஞாபகம் வருது. இதுல மட்டும் நான் கேலி பேசலை. உன்றதுக்கு இன்னைக்கே மூடியை வெச்சு இறுக்கிரு, மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்.

இத்தனை பாடுபட்டு அவங்க போனது எவ்வளவு தெரியுமா? மையத்துக்குப் போற தூரத்துல நூத்துக்கு 0.2 பங்கு. மேலோட்டுலயே பாதி தாண்டலை. ஆனா உனக்குத் தித்திக்கற சங்கதி ஒண்ணு அதுல இருக்குது. 7 கிலோமீட்டருக்குக் கீழ கருங்கல் முடிஞ்சு பசால்ட் வரும்னு புஸ்தகத்துல எழுதி வெச்சிருந்தாங்க. போயிப் பாத்தா பசால்ட்டைக் காணோம். நொறுங்கி விரிசல் விட்ட கருங்கல்லும், அதுக்குள்ள தண்ணியும் இருந்துது! கனிமத்துல இருந்து பிரிஞ்ச தண்ணி, மேல தப்பிச்சு வர வழியில்லாம சிக்கிக் கெடந்ததாம். அப்ப உன்ற வண்டிக்காரன் "இன்னும் கொஞ்சம் போட்டா வந்துரும்"னு சொன்னது பொய்யில்லை. 23,000 அடியில வருது. அவனைச் சந்தேகப்பட்டதுக்கு ஒரு மன்னிப்புக் கேட்டுக்க.

இந்தக் குழிக்குள்ள மைக்கு விட்டா நரகத்துல பாவிக அலறுற சத்தம் கேட்டுதுன்னு ஒரு கதை கெளம்பி, 1989-ல அமெரிக்காவுல ஒரு மதப் பிரசார டி.வி.யிலயே வந்துது. சுத்தப் புளுகு. அன்னைக்குப் பில்லைப் பாத்து நீ போட்ட சத்தம் அவனுக்குக் கெடைச்சிருந்தா இன்னும் நல்லா ஓட்டியிருப்பான். கீழ இருக்கறதை மேல உக்காந்துட்டே சொல்றவங்களுக்கு என்னைக்கும் கொறைச்சல் இல்லை. நம்ம புராணத்துல அதலம், விதலம், சுதலம்னு ஆரம்பிச்சுப் பாதாளம் வரைக்கும் ஏழு லோகம். மகாபலிக்குச் சுதலத்துல அரண்மனையே குடுத்திருக்குது. வால்நட்சத்திரத்துக்குப் பேரு குடுத்த ஹாலி இருக்காரே, அவரு எவ்வளவு பெரிய கணக்குப்புலி! அவரே 1692-ல, பூமி உள்ள பொக்கை, கோளத்துக்குள்ள கோளமாச் சுத்துது, உள்ள வெளிச்சம்கூட இருக்கும்னாரு. காந்த ஊசி காலத்துக்குக் காலம் ஏன் வெலகுதுங்கறதுக்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்துது. அவருக்குக் கீழ ஒரு ஓட்டை போட்டுப் பாக்க வழியில்லை, அதனால நான் அவரைக் கொறை சொல்ல மாட்டேன்.

அப்பறம் யாருதான் சரியாச் சொன்னதுன்னு கேப்பே. உனக்கு நீரோட்டம் பாத்தவரு தேங்காயை உள்ளங்கையில படுக்க வெச்சுட்டு நடந்தாரு. ஒரு எடத்துல தேங்காய் எந்திரிச்சு நின்னுது, நீயும் நோட்டை எடுத்து நீட்டுனே. உன்ற அம்மா சந்தையில தேங்காய் வாங்கறதைப் பாத்திருக்கயா? காதோரம் வெச்சு ஆட்டுவா, விரலால ஒரு தட்டுத் தட்டுவா. முத்தலா, இளசா, தண்ணி எத்தனை, அழுகலா, அத்தனையும் ஓட்டை உடைக்காமயே சொல்லிருவா. பூமியையும் அப்படித்தான் பாத்தாங்க. தட்டறதுக்கு நம்ம கை பத்தாது, அந்த வேலையை நிலநடுக்கம் பாத்துக்கும். காது குடுத்துக் கேக்கறது மட்டும்தான் மனுசன் பண்ணோணும். உனக்கு அதுதானே வராது.

இந்தக் கேக்கற வித்தைக்கு நம்ம தேசத்துலயே ஒரு ஆரம்பம் இருக்குது. 1897 ஜூன் 12-ந் தேதி அசாம் பக்கம் பெரிய நடுக்கம். ஷில்லாங்ல கல்லுக்கட்டடம் ஒண்ணு மிச்சமில்லை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில இருந்த ரிச்சர்ட் ஓல்டாம் அதை விசாரிக்கப் போனாரு. ஐரோப்பாவுல இருந்த கருவிகள் பதிஞ்சு வெச்ச கோட்டைப் பாத்தா, ஒரே ஆட்டம் மூணு தவணையா வந்து சேந்திருக்குது. மொதல்ல நெருக்கி நீட்டற அலை, பொறவு குறுக்க ஆட்டற அலை, கடைசியா மேல்தரையோட வர்ற அலை. அந்தத் தவணைக்கணக்கை விடாம நோண்டி, 1906-ல அவரு சொன்னாரு: நடுவுல வேற சாதியில ஒரு கரு இருக்குது, அதுக்குள்ள போற அலை மெதுவாப் போகுதுன்னு.

1909-ல குரோவேசியாவுல சாக்ரெப் பக்கத்துல ஒரு நடுக்கம். அந்த ஊரு வானிலை நிலையத்து மொகோரோவிசிச் பாத்தாரு. மொதல் அலையே ரெண்டு ரெண்டாப் பதிஞ்சிருந்துது. ஒண்ணு மேல்பாறை வழியா நேரா வந்தது. இன்னொண்ணு கீழ எறங்கி, வேகமா ஓடவிடற வேற பாறை வழியா வந்து முந்திக்கிச்சு. பொள்ளாச்சிக்குப் பைபாஸ்ல சுத்திப் போறவன் ஊருக்குள்ளாரப் போறவனுக்கு முன்னாடி போயிச் சேருவானே, அந்தச் சங்கதிதான். 54 கிலோமீட்டர்ல பாறை மாறுதுன்னு கணக்குச் சொன்னாரு. அதுக்கு மேல மேலோடு, கீழ கவசம். நம்ம கால் நிக்கற கண்டத்துல மேலோடு சராசரி 35 கிலோமீட்டர், கடலுக்கடியில வெறும் 7.

கடலுக்கடியில மெலிசுன்னு கேட்டதும் உனக்கு ஆசை வந்துருக்குமே? அமெரிக்காக்காரனுக்கும் வந்துது. 1961-ல மெக்சிகோ பக்கம் குவாதலூப் தீவோரம் கப்பலை நிறுத்தி, 3.5 கிலோமீட்டர் தண்ணிக்கு அடியில 183 மீட்டர் தோண்டுனான். அப்பறம் செலவு எகிறிப்போயி 1966-ல அரசாங்கம் பணத்தை நிறுத்திருச்சு. உன்ற பொண்டாட்டி அங்க மந்திரியா இருந்திருந்தா கப்பலே கரையை விட்டுக் கெளம்பியிருக்காது.

மேலோட்டைத் தாண்டுனா 2,900 கிலோமீட்டர் வரைக்கும் கவசம். டீக்கடையில உக்காந்து "கீழ பூராவும் நெருப்புக் கொழம்பு"ன்னு எவனாவது சொன்னா நம்பாதே. அது கல்லு. குறுக்கு ஆட்டற அலை திரவத்துல போகாது. கவசத்துக்குள்ள தாராளமாப் போகுது. சூடு ஆயிரக்கணக்கான டிகிரி இருந்தாலும் மேல இருக்கற பாரம் அதை உருக விடாது. எரிமலைக் கொழம்புங்கறது அங்கங்க கொஞ்சமா உருகிக் கசியறது. ஆனா கல்லாவே இருந்துட்டு, வருசத்துக்குச் சில சென்டிமீட்டர் அது நகரும். அதுக்கு மேல உக்காந்துதான் நம்ம தேசமும் வருசத்துக்கு 5 செ.மீ. கணக்குல வடக்க போயி இமயமலையை முட்டிட்டு நிக்குது. வரப்பை அரை அடி தள்ளிட்டான்னு பக்கத்துக் காட்டுக்காரன் மேல கேசு போட்டிருக்கயே, வக்கீல்கிட்ட இதையும் ஒரு வார்த்தை சொல்லி வெய்யி. அடுத்த வாய்தாவுக்குள்ள காடே கொஞ்சம் நகந்திருக்கும்.

கவசத்துக்கல்லு எப்படி இருக்கும்னு பாக்கோணும்னா சேலத்துக்கு ஒரு டிக்கெட் எடு. சுண்ணாம்புக்கரட்டுல மாக்னசைட் வெட்டி எடுக்கற எடத்துல டூனைட்னு ஒரு கல்லு இருக்குது, கிட்டத்தட்ட பூராவும் ஆலிவின்ங்கற கனிமம். கவசத்து மேல்பகுதிக்கும் அதுதான் முக்கியமான சரக்கு. அங்க போற செலவு உன்ற ஒரு அடிக்கு ஆகற காசுகூட இல்லை.

கவசத்துலயும் உனக்குத் தண்ணி உண்டு, நான் மறைக்க மாட்டேன். பிரேசில்ல ஜுயினாங்கற எடத்துல ஆத்து மண்ணுல பொறுக்குன ஒரு அழுக்கு வைரம். நகைக்கு ஆகாது. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத தூசியா ரிங்வுடைட்னு ஒரு கனிமம் சிக்கியிருந்ததை 2014-ல வெளியிட்டாங்க. 500 கிலோமீட்டருக்குக் கீழ உண்டாகற சரக்கு அது. அதோட எடையில நூத்துக்கு ஒரு பங்குக்கு மேல தண்ணி! அந்த அடுக்கு முழுக்க இப்படியே இருந்தா, மேல இருக்கற கடல் அத்தனைக்கும் ஈடான தண்ணி அங்க இருக்கலாம்ங்கறாங்க. ஆனா கல்லோட கட்டுமானத்துக்குள்ள பூட்டி வெச்ச தண்ணி, சப்மெர்சிபிள்ல ஏறாது. அதனால என்ன? "தண்ணி இருக்குது, எடுக்கத்தான் முடியலை"ன்னு ஊருக்குள்ளாரச் சொல்லிக்கலாம். மானம் போகாது.

2,900-க்குக் கீழ உருகுன இரும்பு, கூடக் கொஞ்சம் நிக்கல். குறுக்கு அலை இங்க வந்துதான் செத்துப்போகுது, திரவம்னு தெரிஞ்சது அப்படி. அந்த இரும்பு புரண்டு ஓடறதுலதான் பூமிக்குக் காந்தமே உண்டாகுது. ஹாலி தேடுன காரணம் இதுக்குள்ள இருந்துது. இங்க கேசிங் பைப்பு எறக்காதே, பில்லுல மட்டும் இருக்கும்.

கடைசி அடுக்கைக் கண்டுபுடிச்சது டென்மார்க்குல ஒரு அம்மணி. இன்கே லேமான்னு பேரு. 1929-ல நியூசிலாந்துல மர்ச்சிசன் பக்கம் வந்த நடுக்கத்துல, உருகுன கருவோட நெழல் விழுகற எடத்துல, வரவே கூடாத எடத்துல, சன்னமா ஒரு அலை பதிஞ்சிருந்துது. அப்படி வர்ற அலையெல்லாம் ஓரத்துல வளைஞ்சு வந்ததுன்னு மத்தவங்க சமாதானம் சொல்லிட்டிருந்தாங்க. அந்த அம்மா ஒத்துக்கலை. கம்ப்யூட்டர் ஏது அப்ப? எந்த ஊர்ல எத்தனை மணிக்கு அலை வந்துதுன்னு அட்டை அட்டையா எழுதி, ஓட்ஸ் டப்பாவுல அடுக்கி, தோட்டத்துல மேசை போட்டு உக்காந்து பாத்துட்டிருப்பாங்களாம். 1936-ல முடிவாச் சொன்னாங்க: உருகுன கருவுக்குள்ள இன்னொரு கரு இருக்குது, அலை அதுல பட்டுத்தான் திரும்புதுன்னு. 5,150 கிலோமீட்டர்ல ஆரம்பிக்கற கெட்டி இரும்பு உருண்டை அது. சூடு 5,000 டிகிரிக்கு மேல, ஆனா அமுக்கம் அதைவிட மோசம், உருக விடலை. அந்த அம்மா 104 வயசு வரைக்கும் இருந்தாங்க. உன்ற அத்தையும் ஹார்லிக்ஸ் டப்பாவுல காயிதம் அடுக்கித்தான் வெச்சிருக்கா. பூரா நீ வாங்கிட்டுப் போன கைமாத்துக் கணக்கு.

மையத்துக்குப் போயிட்டேன்னு வெச்சுக்க, அங்க உனக்கு எடையே கெடையாது. எல்லாப் பக்கமும் சமமா இழுக்கறதால மெதந்துட்டு நிப்பே. கடனை மட்டும் யாரும் அந்தக் கணக்குல சேக்கலை. அங்கயே நிறுத்திராதே, நேரா அக்கட்டால போ. மொத்தம் 12,742 கிலோமீட்டர், 4 கோடியே 18 லட்சம் அடி, 418 கோடி ரூபாய். நம்ம காட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் எது வருதுன்னு பேத்தி உருண்டைப் படத்துல பாத்துச் சொன்னா: பெரு நாட்டுக் கரையில இருந்து மேற்க 2,500 கிலோமீட்டருக்கு மேல தள்ளி, நட்ட நடுப் பசிபிக் கடல். தண்ணிதான் மாப்ளே! எத்தனை இஞ்சு வேணும் உனக்கு? கொஞ்சம் உப்புக் கரிக்கும், தென்னைக்கு ஆகாது, அதுக்கு ஒரு ஆர்.ஓ. மிஷின் வாங்கிக்கலாம். விவசாயத்துக்குக் கரண்டும் இலவசம்.

வண்டிக்காரன் சாயங்காலம் அட்வான்சுக்கு வர்றானாம். உன்ற அப்பன் வெட்டுன அந்த அறுபதடிக் கிணத்துல, நீ கோழிக் கழிவும் பிளாஸ்டிக்கும் கொட்டி வெச்சிருக்கறதுக்கு மேல, போன ஐப்பசி மழைக்கு ரெண்டாள் மட்டம் தண்ணி நின்னதைப் பத்தி அவன்கிட்ட மூச்சு விட்டுராதே. தூர் வாரறதுக்கு அவன்கிட்ட மிஷின் இல்லை, பாவம், மனசு ஒடைஞ்சு போயிருவான்.